பருப்பு வேகும் தண்ணீர்

கள்ளிக்குப்பத்தில் நான் குடித்தனம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் பார்த்திராத ஒரு பெண் இடுப்பில் வெறுங்குடத்தோடு வந்து நின்றாள். "ஒரு கொடம் தண்ணி எடுத்துக்கினு போறேம்மா. பருப்பு வெச்சுப் பாக்கணும்" என்றாள். அந்த நாளில் இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். வீட்டில் பருப்பு இல்லை, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரைச் சாக்கு வைக்கிறாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். உள்ளே போய் இரண்டு கை துவரம்பருப்பை அள்ளி, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எங்கூட்ல பருப்பு கீதும்மா" என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் சேந்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அடுத்த வீட்டு சபுரா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் வயதுக்காரி. அவள் கணவர் காதர் பாய் பூந்தமல்லிக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரம் விற்பவர். பழைய பாத்திரங்களுக்கு உள்ளே களிம்பேறாமல் கலாயும் பூசுவார். விஷயத்தை சபுராதான் விளக்கினாள். தெருக்கோடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. அந்தப் பெண் முனியம்மா, சேக்காட்டிலிருந்து வீடு பார்க்க வந்தவள். இந்தப் பக்கத்தில் வீடு பார்ப்பவர்கள் சுவரையும் கூரையையும் அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடம் எடுத்துப் போய்ப் பருப்பு வேக வைப்பார்கள். பருப்பு குழைந்தால் வீடு சரி. எத்தனை நேரம் கொதித்தாலும் முழித்துக்கொண்டு கிடந்தால் அது உப்புத் தண்ணீர், வீடு மாளிகையாக இருந்தாலும் வேண்டாம். அன்று சாயங்காலமே முனியம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள். பருப்பு கரைந்தே போய்விட்டதாம். அந்த வாரமே குடிவந்துவிட்டாள். இன்றுவரைக்கும் என்னை அவள் கூப்பிடுவது "பருப்பு குடுத்த அக்கா" என்றுதான்.

மலேசியாவில் ஈப்போ பக்கம் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். என்னைப் போலக் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். நாம் அங்கே தண்ணீரைச் சோதித்ததே இல்லை. குழாயைத் திருகினோம், வந்தது, குடித்தோம். மலேசியா என்று பெயர் மாறி இத்தனை வருடமாகியும் இந்தத் தெருவில் அது மலேயாதான், நான் மலேயாக்காரம்மாதான். சிலருக்கு சிலோனும் மலேயாவும் ஒன்றே. என் அப்பா பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறியவர். ஈயலம்பத்து ஆபீசில், இங்கே சொல்கிறபடி ஈயச்சுரங்கத்தில், கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். தன் தங்கை மகனுக்கு என்னைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் வைராக்கியம். அப்படித்தான் நான் பார்த்தேயிராத சொந்த ஊருக்கு மருமகளாக வந்து சேர்ந்தேன். அத்தை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், இங்கே எனக்குப் புருஷனைத் தவிர வேறு யாரையும் தெரியாது.

வந்த புதிதில் வாயைத் திறந்தாலே சிரிப்புதான். சந்தையை பசார் என்பேன், வரிக்குக் கடைசியில் ஒரு லா போடுவேன். மளிகைக்கடையில் நான் பேசினால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கிணறு ஒன்றுதான் என்னைக் கேலி செய்யவில்லை. எட்டு வீட்டுக்கும் பொதுக் கிணறு அது. கயிறு கையை அறுக்காமல் எப்படிப் பிடிப்பது, வாளி சாய்ந்து முகரும்படி எப்படி ஒரு சுண்டு சுண்டுவது என்பதையெல்லாம் சபுரா கற்றுக்கொடுத்தாள். விடிகாலையில் முதல் வாளியை இழுத்து முகத்தில் அறைந்துகொள்ளும்போது உடம்பே விழித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீருக்கு லேசான ஒரு தித்திப்பு உண்டு. இந்த நாட்டில் எனக்குப் பிடித்துப்போன முதல் பொருள் அதுதான். யார் வீட்டுக்குப் போனாலும், தண்ணீர் குடித்துவிட்டு, எங்கள் கிணற்றைப் போல வராது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அயனம்பாக்கத்து ஏரிக்கரையில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது வாய்விட்டே சொல்லிவிட்டு, அந்த வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிணற்றை ஒட்டியிருந்த மேட்டு மனையை ஒருவர் வாங்கினார். பட்டணத்துக்காரர், நல்ல மாதிரி, முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சைக்கிள் மணி, ஹேண்டில்பார் போன்ற சாமான்களுக்கு நிக்கல் முலாம் போடும் பட்டறை ஒன்று அங்கே வரப்போவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர், இங்கே எஸ்டேட் என்று சொல்லும் தொழிற்பேட்டையில், இன்னொரு பட்டறையில் அதே வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார். புது முதலாளி இவரைப் பார்த்துப் பேசி, மேஸ்திரியாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலைத் தாண்டினால் வேலை, மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பாடு. பல வருடமாகத் தூக்குச்சட்டியில் ஆறிய சோறு சாப்பிட்ட மனிதருக்கு அதைவிட என்ன வேண்டும்? தெருவில் வேறு இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு என்றார் முதலாளி. முனியம்மாவின் மகனும் அதில் ஒருவன்.

முலாம் போடும் வேலை எப்படி நடக்கும் என்று என் வீட்டுக்காரர் வாயால் கேட்டிருக்கிறேன். இரும்புச் சாமானை முதலில் ஆசிட் தொட்டியில் முக்க வேண்டும், பிறகு கழுவ வேண்டும், பிறகு இன்னொரு தொட்டி, மறுபடியும் கழுவல். நாள் முழுக்கக் கழுவல்தான். அந்தக் கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். மனையின் மூலையில் குழி வெட்டி விட்டுவிடுவார்களாம், மண் குடித்துவிடுமாம். அந்த மூலைக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில் இருந்தது ஒரு முருங்கை மரம் மட்டும்தான்.

கிணற்றடியில் அதே பேச்சாகக் கிடந்தது. தண்ணீர் கெடலாம், கெடாமலும் போகலாம் என்று ஒருத்தி. நம் கிணறு ஆழம், அவ்வளவு தூரம் இறங்காது என்று இன்னொருத்தி. மழை வந்தால் அலசிக்கொண்டு போய்விடும் என்றும், மழை வந்தால்தான் உள்ளே இறங்கும் என்றும் இரண்டு கட்சி. முனியம்மா பாவம், இந்தத் தண்ணீருக்காகவே குடிமாறி வந்தவள், மகனுக்கு வேலையும் வேண்டும். எந்தக் கட்சியிலும் சேராமல் வாளியை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள். எல்லோருமாக முதலாளியிடமே போய்க் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. ஒன்றும் ஆகாது என்றார். அப்படியே ஆனாலும் தன் செலவில் தெருவுக்குக் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவர் பொய் சொல்பவராக எனக்குத் தோன்றவில்லை. குழாய் என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு ஈப்போ பக்கத்து வீடு நினைவுக்கு வந்தது.

அங்கே எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆறு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் கூழாங்கல் தெரியும். அம்மா துணி துவைக்கும்போது நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன்குஞ்சுகளைத் துண்டில் பிடிப்பேன். அப்புறம் ஆற்றின் மேல்பக்கத்தில் ஈயக்கப்பல் என்கிற மிதக்கும் இயந்திரம் வந்தது. மண்ணைத் தோண்டி அலசி ஈயத்தை எடுத்துக்கொண்டு, சேற்றை ஆற்றில் விட்டது. ஆறு பால் ஊற்றிய தேத்தண்ணி நிறமாயிற்று. அம்மா ஒருநாள் அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள், அது காவியாகிக் காய்ந்தது. அதோடு ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஈயக் கம்பெனி, சொன்னபடியே நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் குழாய் போட்டது. மலைத் தண்ணீர், சுத்தமான தண்ணீர், ஒருநாளும் நிற்காது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அப்பாவின் சம்பளமும் அந்த ஈயத்திலிருந்துதான் வந்தது. ஆறு போனதற்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் விடவில்லை. அடுத்த வருடம் மீன்குஞ்சு பிடிக்கும் துண்டை அம்மா அடுப்பங்கரைப் பிடிதுணியாகக் கிழித்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இங்கே கிணற்றடியில் நின்றபோதுதான், குழாய் வந்த பிறகு நான் அந்த ஆற்றைத் திரும்பிப் பார்த்ததே இல்லை என்பது உறைத்தது.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் பேச்சைத் தொடங்கினேன். பட்டறை வேறு எங்காவது வரக்கூடாதா என்றேன். அவர் சோற்றில் கைவைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி கெட்டுப்பூடும்னு உனுக்கு எப்டித் தெரியும்?"

"தெரியாது லா."

"பின்ன இன்னா?"

"தெரியாததாலதான் சொல்றேன். கெடும்னு தெரிஞ்சா வேற வழி பார்க்கலாம். கெடாதுன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கலாம். கெட்டுப்போச்சுன்னா யாரு திருப்பிக் கொடுப்பா?"

அவர் மீதிச் சோற்றைப் பிசைந்தார். சாப்பாட்டை முடித்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அழுகை வந்தது. கட்டியவரின் மேஸ்திரி வேலைக்குக் குறுக்கே நிற்கிறோமே என்ற வருத்தம் ஒரு பக்கம், இந்த ஊரில் எனக்கென்று இருப்பதே அந்தக் கிணறுதானே என்ற ஆற்றாமை ஒரு பக்கம். இரண்டு மூன்று நாள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு நடந்தது.

அதற்கிடையில் மனையில் செங்கல் வந்து இறங்கியது. முதலாளி வேனில் வந்து மேற்பார்வை பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சு எங்கெங்கோ போய், பட்டணத்தில் அவர் வீட்டுத் தண்ணீரில் பருப்பே வேகமாட்டேன் என்கிறது, மனைவியோடு தினமும் இதே ரோதனை என்று முதலாளி அலுத்துக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இந்தத் தெருக்காரர்களுக்குத் தங்கள் தண்ணீரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும். "இன்னா சார் நீங்க, இதுக்கா கவலப்படறீங்க? நம்ம கெணத்துத் தண்ணிய ஒரு கொடம் எடுத்துகினு போங்க. அம்மா பருப்பு வெச்சுப் பாக்கட்டும்" என்று சொல்லி, எங்கள் பித்தளைக் குடத்தை நன்றாகப் புளிபோட்டு விளக்கி நிரப்பித் தரும்படி என்னிடம் சொல்லி, தானே வேனில் வைத்து அனுப்பினார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே என்பது மட்டும்தான் அவர் எண்ணம். மறுநாள் குடம் திரும்பி வந்தது, உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. பருப்பு பூவாக வெந்துவிட்டதாம். தினமும் ஒரு குடம் கிடைக்குமா என்று முதலாளியின் மனைவி கேட்கச் சொன்னாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குடம் தினமும் பட்டணம் போய் வந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியோடு அவர் மனைவியும் வேனிலிருந்து இறங்கினார். இவ்வளவு நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆசைப்பட்டாராம். ஒல்லியான பெண், நூல் சேலை, பகட்டே இல்லை. கிணற்றடியில் எங்களோடு வந்து நின்று, தானும் ஒரு வாளி இழுத்துப் பார்க்கிறேன் என்று கயிற்றை வாங்கினார். வாளி பாதிக் கிணற்றில் இருக்கும்போது பிடியை விட்டுவிட, முனியம்மா பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். எல்லோரும் சிரித்தோம். சேந்திய தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்துவிட்டு, பட்டறை எங்கே வரப்போகிறது என்று கேட்டார். சபுரா கையை நீட்டி முருங்கை மரத்துக்கு அந்தப்பக்கம் அடுக்கியிருந்த செங்கல்லைக் காட்டினாள்.

அந்தப் பெண் செங்கல்லைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பி, "ஏங்க, அந்த ஆசிட் தண்ணியெல்லாம் எங்க போகும்?" என்றார்.

"மூலைல குழி வெட்டி விட்டுடுவோம்."

"குழியிலேருந்து?"

அதே கேள்வியைத்தான் நாங்கள் எட்டு வீட்டுப் பெண்களும் கேட்டிருந்தோம். எங்களிடம் ஒன்றும் ஆகாது என்று பளிச்சென்று சொன்ன மனிதர், இப்போது முருங்கை மரம் வரைக்கும் நடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகாது என்று அவர் அதுவரை நம்பிக்கொண்டுதான் இருந்தார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுப் பருப்பு என்றால் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் பரவாயில்லை. தன் வீட்டு அடுப்பில் வேகும் பருப்பு என்று ஆனபிறகு, அதே சந்தேகம் அவருக்கு வேறு எடையாகிவிட்டது.

அடுத்த வாரம் செங்கல் மறுபடியும் வண்டியேறி எஸ்டேட்டுக்குப் போயிற்று. அங்கே வாடகைக்கு ஒரு கொட்டகை எடுத்துப் பட்டறையைத் தொடங்கிவிட்டார். மேட்டு மனையில் இப்போது அவர் வைத்த தென்னங்கன்று இரண்டு நிற்கிறது. என் வீட்டுக்காரருக்குச் சொன்னபடியே மேஸ்திரி வேலை கிடைத்தது. முனியம்மாவின் மகனுக்கும் கிடைத்தது. இன்னொரு வீட்டுப் பிள்ளை, அவ்வளவு தூரம் யார் நடப்பது என்று போகவில்லை. எங்கள் வீட்டுக் குடத்தால்தான் வேலை கைவிட்டுப் போயிற்று என்று அவன் அம்மா இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் வீட்டுக்காரர் பழையபடி சைக்கிளில் போகிறார், பழையபடி தூக்குச்சட்டிச் சோறு. சுடச்சுடச் சாப்பாடு என்ற கனவு ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுபோயிற்று. ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதற்காகவே அவர் தட்டில் எப்போதும் ஒரு கரண்டி கூடப் போடுவேன்.

தெரிந்தேதான் குடத்தைக் கொடுத்தனுப்பினீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "நீ வேற. அவ்ளோ மூளை இருந்தா நான் ஏன் சைக்கிள் மிதிக்கிறேன்?" என்று சிரித்தார். அதை நான் நம்புகிறேன். இவருக்குச் சூது தெரியாது.

பட்டறை இங்கேயே வந்திருந்தால் கிணறு கெட்டிருக்குமா? தெரியாது. கெடாமலேயும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி, அதை நடக்கவிட்டுப் பார்ப்பதுதான். எஸ்டேட்டில் அந்தக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் இவரிடம் கேட்டேன். சிமெண்ட் சாக்கடை இருக்கிறது என்றார். சாக்கடை எங்கே போகிறது என்றேன். ஓடைக்கு என்றார். ஓடை எங்கே போகிறது என்று கேட்டபோது, "தூங்கு பாக்யம்" என்று புரண்டு படுத்துக்கொண்டார். எங்கள் தெருவுக்கு இப்போது கார்ப்பரேஷன் குழாய் மாதிரி ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வரட்டும், நல்லதுதான். குளிக்க, துவைக்க ஆகும். பருப்புக்குக் கிணறு என்று எட்டு வீடும் இப்போதே சொல்லி வைத்துவிட்டோம்.

போன மாதம் காதர் பாயிடம் எங்கள் பருப்புத் தவலையைக் கலாய் பூசக் கொடுத்தேன். பித்தளை தெரியும்படி தேய்ந்துபோயிருந்தது. அப்படியே விட்டால் களிம்பேறிவிடும். வாசலிலேயே குழி தோண்டிக் கரி மூட்டித் துருத்தி போட்டார். தவலை காய்ந்ததும் நவச்சாரப் பொடியைத் தூவி, கையிலிருந்த வெள்ளைக் குச்சியால் உள்ளே ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் துடைத்தார். மஞ்சள் அடிவயிறு கண்ணெதிரே வெள்ளியாயிற்று. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்று ஏதோ தோன்றி, அது என்ன குச்சி பாய் என்று கேட்டேன்.

"ஈயம்மா. பினாங்கு ஈயம். உங்க மலேயாச் சரக்கு, தெரியாதா?" என்றார்.

குச்சியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். சின்னதுதான், ஆனால் கனம். கூழாங்கல் தெரிந்த அந்த ஆற்றைக் கலக்கி, அம்மா கரையேறிப் போகும்படி செய்து எடுத்த ஈயம், கடல் தாண்டி எனக்கு முன்பே இந்த ஊருக்கு வந்து, எட்டு வீட்டுத் தவலைகளிலும் களிம்பேறாமல் காவல் இருந்திருக்கிறது. இத்தனை வருடம் நான் அதில்தான் சமைத்திருக்கிறேன். பாய் குச்சிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுக்க மனசில்லாமல் கொடுத்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் சாப்பிட இருந்தார். கிணற்றிலிருந்து ஒரு வாளி சேந்தி, புதுக் கலாய் மின்னும் தவலையில் ஊற்றினேன். அடி தெளிவாகத் தெரிந்தது. குனிந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மீன்குஞ்சு தேடுகிற பிள்ளை மாதிரி. பிறகு பருப்பைக் களைந்து போட்டு அடுப்பில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் மூடியைத் திறந்து கரண்டியால் அழுத்திப் பார்த்தேன். நன்றாக வெந்திருந்தது.